லைசென்ஸ் கேட்கும் ஏஜென்ட்டும் கொழும்புச் சட்டையும்

கேள்வி: கீழக்கரையில் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். கொழும்பு புறக்கோட்டையில் இருக்கும் மச்சான், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய சட்டைகள் மலிவாகக் கிடைக்கும் என்கிறார். நோன்புப் பெருநாளுக்கு 500 சட்டை எடுக்க நினைக்கிறேன். பதிலுக்கு நான் கைலியும் பரமக்குடிச் சேலையும் அனுப்பினால் கணக்கு நேராகிவிடும், பணமே அனுப்ப வேண்டாம் என்பது அவர் யோசனை. இங்கே ஒரு ஏஜென்ட், துணிமணி இறக்குமதிக்கு அரசு லைசென்ஸ் வேண்டும், 60,000 ரூபாய் ஆகும், அது கையில் இருந்தால் இலங்கை ஒப்பந்தப்படி வரியே கிடையாது என்கிறார். கட்டலாமா? இல்லை, நாகப்பட்டினம் கப்பலில் வருகிறவர்கள் கையில் பத்துப் பத்தாகக் கொடுத்துவிடலாமா? துபாயிலிருந்து பாகிஸ்தான் சுடிதார் செட் எடுத்துத் தரச் சொல்லியும் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.

பதில்:

அந்த 60,000 ரூபாயைக் கட்டாதீர்கள். புது ரெடிமேட் துணிக்கு இந்தியாவில் இறக்குமதி லைசென்ஸ் என்று ஒன்று இல்லை. பின்னல் துணியில் தைத்தவை சுங்கப் பட்டியலின் 61-ஆம் அத்தியாயத்திலும், நெசவுத் துணியில் தைத்தவை 62-ஆம் அத்தியாயத்திலும் வருகின்றன. இறக்குமதிக் கொள்கையில் இவை ‘தடையற்றவை’ என்ற வகை. உங்களுக்கு வேண்டியது ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் மட்டும்தான். டி.ஜி.எஃப்.டி. எனப்படும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பான், கடை முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கொடுத்து நீங்களே எடுக்கலாம். கட்டணம் 500 ரூபாய். எண் வாங்கியதோடு வேலை முடிந்துவிடாது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும், எதுவும் மாறாவிட்டாலும்கூட. மறந்தால் எண் முடங்கிவிடும். அது முடங்கியிருப்பது பலருக்குச் சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் தெரியவரும்.

ஏஜென்ட் சொல்வது முழுப் பொய்யும் அல்ல, காலாவதியான உண்மை. நுகர்பொருள் இறக்குமதிக்கு இந்தியா நெடுங்காலம் லைசென்ஸ் வைத்திருந்தது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 1999-ல் வென்றது. பிறகு 2000 ஏப்ரல் 1-ல் 714 இனங்களுக்கும், 2001 ஏப்ரல் 1-ல் மிச்சமிருந்த 715 இனங்களுக்கும் கட்டுப்பாடு நீங்கியது. மேலை நாடுகள் நம் ஆடைகளுக்கு வைத்திருந்த கோட்டாவும் 2004 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அந்தக் காலத்தில் ‘லைசென்ஸ்’, ‘கோட்டா’ என்ற சொற்களை வைத்துப் பிழைத்தவர்கள் சிலர் அந்தச் சொற்களை இன்னும் விடவில்லை.

உண்மையிலேயே லைசென்ஸ் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது: உடுத்திய பழைய துணி. 6309 என்ற தலைப்பில் வரும் அது ‘கட்டுப்படுத்தப்பட்ட’ இனம், டி.ஜி.எஃப்.டி. அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. உங்கள் மச்சான் சொல்லும் ‘மிஞ்சிய சரக்கு’ இதோடு குழம்ப வாய்ப்பு உண்டு. தையல் பிசகிய ‘செகண்ட்ஸ்’ வேறு, ‘செகண்ட் ஹேண்ட்’ வேறு. 6309-ல் ஒரு துணியைச் சேர்க்க இரண்டு அடையாளம் வேண்டும். உடுத்தித் தேய்ந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்; மூட்டையாகவோ பேலாகவோ கட்டி வந்திருக்க வேண்டும். ஆகவே புது செகண்ட்ஸைச் செலவு மிச்சம் பிடிக்கிறேன் என்று பேலாக அழுத்திக் கட்ட விடாதீர்கள். ஒவ்வொன்றும் பாலிதீன் உறையில், அளவு வாரியாக அட்டைப்பெட்டியில், பெட்டிக்குப் பெட்டி எண்ணிக்கை எழுதிய பேக்கிங் லிஸ்ட்டுடன் வரட்டும். பேலைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரியின் முதல் சந்தேகம் 6309 ஆகத்தான் இருக்கும். நடுவே பத்து பழைய உருப்படி கிடந்தால் மொத்தச் சரக்குமே சிக்கும்.

இனி ‘வரியே கிடையாது’ என்ற பேச்சு. இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆடையில் இந்தியா கதவை முழுக்கத் திறந்துவிடவில்லை. ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படி வரைதான் சலுகை என்று உச்சவரம்பு வைத்தது. முதலில் எழுதியபடி வரியில் பாதிதான் குறையும். அந்த 80 லட்சத்தில் 60 லட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். பின்னால் வந்த திருத்தங்களில் சலுகை கூடியது, துணி நிபந்தனை தளர்ந்தது. நாடுகளுக்கிடையே ‘பரஸ்பரம்’ என்பதன் பொருள் இதுதான். எங்கள் துணியை வாங்கித் தைத்து அனுப்பு, உன் சட்டைக்கு வரி குறைக்கிறேன் என்று அரசும் அரசும் பேசிக்கொண்டது. நீங்களும் மச்சானும் கைலிக்குச் சட்டை என்று பேசிக்கொள்வதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சலுகை கிடைக்க, சட்டை ‘இலங்கையில் பிறந்தது’ என்று கணக்கால் நிரூபிக்க வேண்டும். கொழும்பில் தைத்த முத்திரை மட்டும் போதாது. மூன்றாம் நாட்டுப் பொருள்களின் மதிப்பு எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும்வரையிலான விலை) 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 35 சதவீதமாவது இலங்கையில் சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும். இந்தியப் பொருள் கலந்திருந்தால் ஒரு தளர்வு உண்டு: இலங்கையின் பங்கு 25 சதவீதம் இருந்தால் போதும், இரு நாட்டுப் பங்கையும் கூட்டினால் 35 வர வேண்டும். சுங்கப் பட்டியலில் துணியின் நாலிலக்கத் தலைப்பும் சட்டையின் தலைப்பும் வேறாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. துணி சட்டையாகும்போது அது தானாக நடந்துவிடுகிறது.

ஒரு சட்டையைப் பிரித்துப் பார்ப்போம். எஃப்.ஓ.பி. விலை 6 டாலர் என்று வையுங்கள். துணி 2.70, பட்டன், காலருக்குள் வைக்கும் கேன்வாஸ், லேபிள் எல்லாம் 1.50, தையல் கூலியும் ஆலைச் செலவும் லாபமும் 1.80. துணியும் உதிரியும் சீனாவிலிருந்து வந்திருந்தால் வெளிநாட்டுப் பங்கு 4.20 டாலர், அதாவது 70 சதவீதம். சலுகை கிடையாது. அதே சட்டை, அதே கூலி, அதே சீனப் பட்டன், ஆனால் துணி மட்டும் ஈரோட்டிலிருந்து போயிருந்தால்? இலங்கையின் பங்கு 1.80, அதாவது 30 சதவீதம், 25-ஐத் தாண்டிவிட்டது. இந்தியத் துணியின் 45-ஐக் கூட்டினால் 75. தாராளமாகத் தேறும். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு சட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே மச்சானிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல, துணி எங்கிருந்து வந்தது என்பது.

இங்கேதான் புறக்கோட்டைச் சரக்கு இடறும். பிறப்பிடச் சான்றை இலங்கை வணிகத் திணைக்களம் கொடுக்கிறது. தைத்த ஆலையின் செலவுக் கணக்கு இருந்தால்தான் கொடுக்க முடியும். கடைத்தெருவில் கை மாறிக் கை மாறி வந்த சட்டைக்கு எந்த ஆலை, எந்தத் துணி பில் என்று யார் சொல்வது? அந்தச் சரக்கைச் சட்டப்படி இறக்கலாம். முழு வரி கட்டித்தான் இறக்க முடியும். வெளிநாட்டு பிராண்டு லேபிள் இருந்தால் இன்னொரு தலைவலி. அந்த பிராண்டின் உரிமையாளர் இந்தியச் சுங்கத்தில் தன் வணிகச் சின்னத்தைப் பதிந்து வைத்திருந்தால் சரக்கை நிறுத்தி வைத்து அவரைக் கேட்பார்கள். ஆலை தன் கையால் லேபிளை வெட்டிக் கொடுத்த சரக்கையே எடுங்கள்.

முழு வரி என்றால் எவ்வளவு? 500 சட்டை, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து ஒன்று 600 ரூபாய் என்றால் 3,00,000. ஆடைகள் பலவற்றுக்கு அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம்: 60,000. அதன் மேல் சமூக நல மேல்வரி பத்தில் ஒரு பங்கு: 6,000. ஆக 3,66,000. இதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.) 5 சதவீதம்: 18,300. மொத்தம் 84,300 ரூபாய் கட்ட வேண்டும். ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்பதால் உண்மைச் சுமை 66,000. சட்டைக்கு 132 ரூபாய். இந்தப் பணத்தைத்தான் பிறப்பிடச் சான்று மிச்சப்படுத்தும், லைசென்ஸ் அல்ல. இரண்டு எச்சரிக்கை. சில சுங்கக் குறியீடுகளுக்கு ‘சதவீதம் அல்லது உருப்படிக்கு இத்தனை ரூபாய், எது அதிகமோ அது’ என்று விகிதம் இருக்கும். அடிமாட்டு விலைக்கு எடுத்த சரக்கில் ரூபாய்க் கணக்கு முந்திக்கொண்டு லாபத்தைத் தின்றுவிடும். அடுத்து, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான உருப்படிக்குத்தான் 5 சதவீத ஜி.எஸ்.டி.; அதற்கு மேல் 18.

விலையைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அதே போன்ற சட்டை எந்தத் துறைமுகத்தில் என்ன விலைக்கு இறங்கியது என்பது சுங்கத்தின் கணினியில் இருக்கிறது. மதிப்பீட்டு விதிகளின்படி பில்லை ஏற்க மறுத்து அவர்களே விலை வைக்கலாம். உண்மையிலேயே மலிவாக வாங்கிய ஸ்டாக் லாட் (மிஞ்சிய மொத்தச் சரக்கு) என்றால், ஏன் மலிவு என்பதற்கு ஆலையின் கடிதமும் வங்கி வழியாகப் பணம் போன சான்றும் கையில் இருக்கட்டும்.

சான்று கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பிறப்பிட விதி நிர்வாகச் சட்டதிட்டப்படி, சலுகை கேட்கிறவருக்கே சரக்கு எப்படிப் பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கென ‘படிவம் 1’ இருக்கிறது: உற்பத்தி முறை, எந்த மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து, மதிப்புக் கூட்டல் எவ்வளவு. இதை ஆலையிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி 5 ஆண்டு பத்திரமாக வையுங்கள். அதிகாரி கேட்கும்போது ‘அது அவர்களுக்குத்தான் தெரியும்’ என்றால் சலுகை போய்விடும். நடைமுறையில் சான்று தள்ளுபடியாவது பெரும்பாலும் அற்பப் பிழைகளால். பில்லில் டஜன், சான்றில் உருப்படி. பில் எண்ணில் ஓர் எழுத்து மாற்றம். பைஜாமா செட்டை ஓரிடத்தில் ஒன்றாகவும் இன்னோரிடத்தில் இரண்டாகவும் எண்ணியது. முன்னே சொன்ன 80 லட்சம் ஒதுக்கீடு உருப்படிக் கணக்கில் ஓடுவதால் பில், சான்று, பேக்கிங் லிஸ்ட் மூன்றிலும் உருப்படி என்றே எழுதச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறதா என்று அந்த ஆலை வணிகத் திணைக்களத்தில் கேட்டுச் சொல்லட்டும்.

சரக்குக்குச் சரக்கு யோசனைக்கு வருவோம். மச்சான் மனதில் இருப்பது சுலபமான கணக்கு: 3 லட்சத்துக்குச் சட்டை வருகிறது, 2.20 லட்சத்துக்குக் கைலி போகிறது, 80,000-க்கு மட்டும் பில் போட்டால் போதும். செய்துவிடாதீர்கள். சட்டை பில் 80,000 என்றால் மதிப்பைக் குறைத்துக் காட்டிய குற்றம், சரக்கு பறிமுதலாகும். கைலியைத் துறைமுகம் வழியாக அனுப்பினீர்களானால் அதற்குச் சுங்கத்தில் போடும் ஏற்றுமதித் தாளான ஷிப்பிங் பில் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக் கணினியில் ஏறிவிடும், 2.20 லட்சம் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை அது உங்கள் பெயரில் பாக்கியாக நிற்கும். இறக்குமதிப் பக்கமும் அதே போல: சரக்கு வந்தது, பணம் போனதா என்று வங்கி கேட்கும்.

ஏற்றுமதி வரவை இறக்குமதிப் பாக்கியில் கழித்துக்கொள்ள ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வங்கி மூலமாகத்தான் அதைச் செய்யலாம். நிபந்தனைகளைப் பாருங்கள். அங்கே உங்களுக்கு விற்கிறவரும் உங்களிடம் வாங்குகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் சட்டை கொடுப்பது ஆலை, கைலி எடுப்பது மச்சான், அங்கேயே உடைந்துவிட்டது. இரண்டு சரக்குக்கும் முழு மதிப்புக்குத் தனித்தனி பில் வேண்டும். ஆசிய தீர்வு ஒன்றியத்து நாடுகளின் (தங்கள் மத்திய வங்கிகள் வழியே வணிகக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் நாடுகள்) வணிகத்தை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. இலங்கை அந்த ஒன்றியத்தில் உறுப்பு நாடு. ஆக, சட்டைக்குப் பணம் வங்கியில் போகட்டும், கைலிக்குப் பணம் வங்கியில் வரட்டும். இரண்டு முறை வங்கிக் கட்டணம் போவது உறுத்தும்தான். மீதியை உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் கைமாற்றாக, சரிக்கட்டலாம் என்று நம் கடற்கரைப் பக்கம் யாராவது சொல்வார்கள். உண்டியலில் போன பணத்துக்கு ரசீது இல்லை; ரசீது இல்லாத பணத்தை எந்த வங்கியும் உங்கள் பில்லுக்கு எதிரே வரவு வைக்காது. அமலாக்கத் துறை வருவதற்கு முன்பே அந்தக் காரணத்தாலேயே வியாபாரம் நின்றுபோகும்.

கைலி, சேலை அனுப்புவதில் சிக்கல் குறைவு. ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்ய அந்தந்த நிதியாண்டுக்கு உறுதிமொழிக் கடிதம், அதாவது எல்.யு.டி., இணையத்தில் போட வேண்டும். வங்கியின் ஏ.டி. கோடை (அந்நியச் செலாவணி வணிகத்துக்கான கிளைக் குறியீடு)ச் சுங்கத் தளத்தில் பதிய வேண்டும். இது பதியாமல் ஷிப்பிங் பில் நகராது. தைக்காத கைலித் துணியும் தைத்த உடையும் வேறு வேறு அத்தியாயம் என்பதால் இலங்கையில் வரியும் வேறாகும். அங்கே இறக்குபவர் சுங்க வரியோடு செஸ், துறைமுக-விமான நிலைய வரி, 18 சதவீத வாட் எல்லாம் கணக்குப் போட வேண்டும். 2022-ல் டாலர் தட்டுப்பாட்டின்போது இலங்கை நூற்றுக்கணக்கான இனங்களின் இறக்குமதியை நிறுத்தி வைத்து, பிறகு படிப்படியாகத் தளர்த்தியது. ஆகவே மச்சான் ஒவ்வொரு முறையும் அங்குள்ள இறக்குமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் குறியீட்டைச் சொல்லிக் கேட்டுவிட்டே ஆர்டர் தரட்டும்.

பாகிஸ்தான் சுடிதார் செட்டுக்கு ஒரே வரிதான் பதில்: முடியாது. 2025 மே 2 முதல் பாகிஸ்தானில் பிறந்த எந்தப் பொருளும் நேரடியாகவோ வேறு நாடு சுற்றியோ இந்தியாவுக்கு வரத் தடை. துபாய்க் கடை பில் இருப்பது உதவாது. பார்ப்பது பொருள் பிறந்த நாட்டை, பில் போட்ட நாட்டை அல்ல. புறக்கோட்டையில் பங்களாதேஷ் டி-ஷர்ட்டும் நிறையக் கிடக்கும், அதிலும் கவனம். 2025 ஏப்ரலில் பங்களாதேஷ் நம் நூலைத் தரைவழியாக எடுப்பதை நிறுத்தியது. மே 17-ல் இந்தியா, பங்களாதேஷ் ரெடிமேடுக்குத் தரைவழிகளை எல்லாம் மூடி நவசேவா, கொல்கத்தா துறைமுகங்களை மட்டும் விட்டது. இதுவும் ஒருவகைப் பரஸ்பரம்தான். ‘தடையற்றவை’ என்ற வகை மாறவில்லை, இறங்கும் கதவு மட்டும் மாறியது. கொழும்பு சுற்றித் தூத்துக்குடியில் அதை இறக்கலாம் என்று பார்ப்பது வீண் வம்பு. சட்டையின் கழுத்து லேபிளையும் உள் தையலில் இருக்கும் துவைப்புக் குறிப்பு லேபிளையும் மச்சான் போட்டோ எடுத்து அனுப்பட்டும். பிறந்த நாடு அநேகமாக அதில் இருக்கும்.

நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பலில் ஆளுக்குப் பத்தாகக் கொடுத்துவிடும் யோசனையும் வேண்டாம். பயணிக்குள்ள வரிச் சலுகை அவர் உடுத்தவும் உறவுக்குக் கொடுக்கவும். ஒரே மாடல் சட்டை பல பைகளில் வந்தால் அது வியாபாரச் சரக்கு, சிக்குவது உங்கள் சரக்கு மட்டுமல்ல, சுமந்து வந்தவர் பெயரும்தான். தலைமன்னார் தனுஷ்கோடியிலிருந்து கூப்பிடு தூரம்தானே என்று மீன்பிடிப் படகைப் பற்றி நினைக்கவே வேண்டாம். தனுஷ்கோடியில் சுங்க அலுவலகம் இருந்ததும் போட் மெயில் ரயில் வந்ததும் 1964 புயலோடு போயிற்று. அறிவிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத இடத்தில் இறங்கும் சரக்கு, வரி கட்டத் தயாராக இருந்தாலும் பறிமுதலுக்கு உரியதுதான்.

உங்களுக்கு வழி தூத்துக்குடி. 500 சட்டை ஒரு கன்டெய்னரை நிரப்பாது. பலர் சரக்கோடு பகிர்ந்து வரும். கன்டெய்னரைப் பிரித்துச் சரக்கை எடுக்கும் நிலையத்தின் கட்டணம் சிறு சரக்குக்கு வலிக்கும், விலை பேசும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து கப்பல் சீக்கிரம் வந்துவிடும். தாள்கள் அதற்கு முன்னால் வந்தாக வேண்டும். பில் ஆஃப் என்ட்ரி எனப்படும் இறக்குமதித் தாள் தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன் பிறகு 10,000 ரூபாயும் தண்டம். தடைசெய்த அசோ சாயம் (உடலுக்குத் தீங்கான ஒருவகைத் துணிச் சாயம்) இல்லை என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று சரக்கு ஏறும் முன்பே எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இங்கே மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை வாடகை ஓடும், பெருநாளும் போய்விடும். இறக்குமதியாளர் பெயர் முகவரி, தயாரான நாடு, மாதம்-ஆண்டு, அளவு, எம்.ஆர்.பி. அடங்கிய ஸ்டிக்கரைக் கொழும்பிலேயே ஒட்டி அனுப்பினால் செலவு மிச்சம்.

மச்சானுக்கு இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: “ஆலை நேரடியாக பில் போடுமா? துணி எந்த நாடு, துணி பில் காட்டுவார்களா? எட்டு இலக்கச் சுங்கக் குறியீடு என்ன? இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் 500 உருப்படிக்கு இடம் உண்டா? அசோ சான்று தருவார்களா?” ஐந்துக்கும் சாதகமான பதில் எழுத்தில் வந்தால் சலுகை வரியில் எடுங்கள். நடுவில் உள்ள துணி, ஒதுக்கீட்டுக் கேள்விகளுக்கு மட்டும் பதில் இல்லை என்றால் சட்டைக்கு 132 ரூபாய் கூட்டி விற்றாலும் கட்டுமா என்று பாருங்கள். முதல் கேள்விக்கே ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், இந்தப் பெருநாளுக்குத் திருப்பூரிலேயே எடுத்துவிடுங்கள்.